மூன்று வார லடாக் பயணமா? முதலில் ஒரு ஒத்திகை

நண்பர்கள் நாலைந்து பேர் மணாலி வழியாக லே வரை மூன்று வாரம் சுற்றப் போகிறீர்களா? கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பே எல்லோரும் பையை முழுசாக அடுக்கி, தோளில் மாட்டிக்கொண்டு நான்கு மாடி ஏறி இறங்குங்கள். மூச்சு வாங்கியதும் இரண்டு ஜீன்ஸ் தானாக வெளியே வரும். பத்து கிலோவைத் தாண்டக் கூடாது என்பது என் கணக்கு.

ஐந்து பேருக்கு ஐந்து டூத்பேஸ்ட் எதற்கு? பேஸ்ட், மருந்துப் பை, துணி காயப்போடக் கயிறு எல்லாம் குழுவுக்கு ஒன்று போதும். எதை யார் எடுத்து வருவது என்று பெயர் போட்டு எழுதிவிடுங்கள். ஒருமுறை "அவன் எடுத்திருப்பான்" என்று ஆளாளுக்கு நம்பி, டார்ச் இல்லாமல் போய் நின்றோம்.

அப்புறம் பணம். ஆளுக்கு ஐயாயிரம் போட்டுப் பொதுப்பணம் வையுங்கள். டீ, டீசல், அறை வாடகை எல்லாம் அதிலிருந்துதான். பாதி ரொக்கமாக இருக்கட்டும், சிக்னல் இல்லாத இடத்தில் ஜிபே உதவாது. லடாக்கில் நம்மூர் ப்ரீபெய்டு சிம்மும் எடுக்காது, இரண்டு பேரிடமாவது போஸ்ட்பெய்டு வேண்டும்.

மணாலி–லே சாலையில் வரும் டாண்டி என்ற ஊரின் பெட்ரோல் பங்க்கில் டேங்க்கை நிரப்பிவிடுங்கள். முதல் இரவை 4,200 மீட்டருக்கு மேலே உள்ள சர்ச்சுவில் கழிக்காமல், சுமார் 3,200 மீட்டரில் இருக்கும் ஜிஸ்பாவில் தங்குங்கள். உயரம் ஒத்துக்கொள்ளாமல் தலைவலி, வாந்தி என்றால் யாரும் மறைக்கக் கூடாது; அதிகமானால் மொத்தக் குழுவும் கீழே இறங்க வேண்டும். இதை வீட்டிலேயே பேசி முடிவு செய்துவிடுங்கள்.