கட்டியை எடுத்தாச்சு என்று கரண்ட்டை விட்டுவிடாதீர்கள்

எங்கள் சித்திக்கு வண்ணாரப்பேட்டையில் தையல் வேலை. எம்.சி. ரோட்டில் துணி எடுப்பவர்கள் அப்படியே நடந்து வந்து ஜாக்கெட் தைக்கக் கொடுத்துவிட்டுப் போவார்கள். 46 வயதில் சித்திக்கு இடது மார்பில் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு கட்டி. கேன்சர் என்று தெரிந்ததும் மார்பை முழுதாக எடுக்காமல் கட்டியையும், சுற்றி இருந்த கொஞ்சம் சதையையும், அக்குளில் சில நெறிகளையும் (நிணநீர் முடிச்சுகள்) மட்டும் எடுத்தார்கள். டிஸ்சார்ஜ் சீட்டில் ரேடியேஷன், நம் ஊர்ப் பேச்சில் கரண்ட் வைப்பது, என்று ஒரு வரி இருந்தது. அங்கே யாரும் உட்கார வைத்து அதை விளக்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. "கட்டியைத்தான் எடுத்தாச்சே, எதுக்குக் கரண்ட்டு வச்சு உடம்பைச் சுட்டுக்கணும்" என்றார் சித்தி. வீட்டில் கல்யாண வேலை வேறு. இரண்டரை வருடத்தில் அதே தழும்புக்குப் பக்கத்திலேயே மறுபடியும் கட்டி.

அதனால்தான் இதை எழுதுகிறேன். உங்கள் வீட்டில் யாருக்காவது இந்த ஆபரேஷன் நடந்திருந்தால் ரிப்போர்ட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில், ஏன் திரும்புகிறது? டாக்டர் கண்ணால் பார்த்து, கையால் தடவி எடுப்பது கட்டியைத்தான். அதைச் சுற்றி நல்லதாகத் தெரியும் சதைக்குள் கண்ணுக்கே தெரியாத செல்கள் ஒளிந்திருக்கலாம், சில சமயம் அதே மார்பின் வேறு மூலையிலும் இருக்கலாம். அவற்றைக் கொல்லத்தான் கரண்ட் வைப்பது. அமெரிக்காவில் பெர்னார்ட் ஃபிஷர் என்ற டாக்டர் 1976இல் தொடங்கிய ஆய்வு ஒன்று இருக்கிறது. அதன் 20 வருட முடிவு 2002இல் வந்தது. கட்டியை மட்டும் எடுத்துவிட்டு விட்டவர்களில் நூற்றுக்கு 39 பேருக்கு அதே மார்பில் திரும்ப வந்தது, கரண்ட்டும் வைத்துக்கொண்டவர்களில் 14 பேருக்கு மட்டும்தான். இன்றைய மருந்துகளோடு அது இன்னும் குறைந்திருக்கிறது.

அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. மார்பை முழுதாக எடுத்தவர்களும், கட்டியை மட்டும் எடுத்து மார்பைக் காப்பாற்றிக்கொண்டவர்களும் உயிரோடு இருந்த கணக்கில் வித்தியாசம் இல்லை. "முழுசா எடுத்திருந்தா வந்திருக்காதே" என்று அக்கம்பக்கத்தில் சொல்லும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் முழுதாக எடுத்தவர்களுக்கும் நெஞ்சுத் தோலில் திரும்ப வருவதுண்டு. சித்தியை இந்தப் பேச்சுதான் நோயைவிட அதிகமாக வாட்டியது.

இப்போது ரிப்போர்ட்டுக்கு வாருங்கள். எடுத்த சதையின் வெளிப்பக்கம் முழுக்க லேபில் மை பூசி, பிறகு வெட்டிப் பார்ப்பார்கள். அந்த மையின் மேலேயே கேன்சர் செல் தொட்டுக்கொண்டிருந்தால் ஓரத்தில் மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம். ரிப்போர்ட்டில் 'மார்ஜின் பாசிட்டிவ்' என்று இருந்தால் மறுபடியும் கொஞ்சம் எடுக்க வேண்டுமா என்று டாக்டரிடம் நேராகவே கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை, எங்களுக்கு அதைச் சொல்லித்தர ஆள் இல்லாமல் போனது. அப்புறம் கிரேடு (செல்கள் எவ்வளவு முரடானவை என்ற கணக்கு), ரத்தக்குழாய்க்குள்ளோ நிணநீர்க் குழாய்க்குள்ளோ செல் நுழைந்திருக்கிறதா, எத்தனை நெறிகளில் பரவியிருக்கிறது, இதையெல்லாம் பாருங்கள். வயது 40க்குக் கீழே என்றால் திரும்ப வரும் வாய்ப்பு கொஞ்சம் கூடுதல். அதனால்தான் இளவயதுக்காரர்களுக்குக் கட்டி இருந்த இடத்தில் கூடுதலாகச் சில நாள் கரண்ட் வைக்கச் சொல்வார்கள்.

கடைசியாக ஈஆர், பிஆர், ஹெர்-2 என்று மூன்று வரி இருக்கும். முதல் இரண்டும் கட்டி பெண் ஹார்மோனை வாங்கி வளர்கிறதா என்பதைச் சொல்லும், ஹெர்-2 கட்டியை வளரவைக்கும் ஒரு புரதம். மூன்றும் நெகட்டிவ் என்றால், திரும்ப வருவதாக இருந்தால் பெரும்பாலும் முதல் சில வருடங்களிலேயே வரும். ஈஆர் பாசிட்டிவ் வகை பொறுமைக்காரன், 10, 15 வருடம் தூங்கிவிட்டுக்கூட எழுந்திருக்கும். "அஞ்சு வருஷம் தாண்டிட்டேன், இனிமே டாக்டர் எதுக்கு" என்று அந்த வகைக்காரர்கள் விட்டுவிடக் கூடாது.

சரி, கரண்ட் என்றால் என்ன? ஷாக் இல்லை, மின்சாரம் உடம்பில் பாய்வதும் இல்லை. எக்ஸ்ரே மாதிரிதான், சக்தி பல மடங்கு அதிகம். படுக்க வைப்பார்கள், மெஷின் சுற்றும், சில நிமிடத்தில் எழுந்து வந்துவிடலாம், வலிக்காது. இப்போது பல இடங்களில் வாரத்துக்கு 5 நாள் வீதம் 3 வாரம், 15 தடவை. கீமோ இல்லை என்றால் புண் ஆறியதும், பொதுவாக இரண்டு மாதத்துக்குள், தொடங்கிவிடுவது நல்லது. கீமோ இருந்தால் அது முடிந்த பிறகு. தோல் கறுக்கும், உரியலாம், அசதி வரும். பருத்தி ஜாக்கெட்டாகத் தளர்வாகப் போடுங்கள், தோலில் போட்ட குறிகளைத் தேய்த்து அழிக்காதீர்கள், கேட்காமல் எந்தக் களிம்பும் வேண்டாம். பேரனைத் தூக்கினால் குழந்தைக்கு ஆகாதோ என்று பயந்து ஒதுங்கி உட்காருகிறார்கள் பாருங்கள், அது வேண்டவே வேண்டாம். மெஷினை நிறுத்தியதும் உடம்பில் கதிர் எதுவும் தங்குவதில்லை, தாராளமாக மடியில் வைத்துக்கொள்ளலாம்.

ஒரு முக்கியமான விஷயம், கரண்ட் வைக்கும்போது கையைத் தலைக்கு மேலே தூக்கி வைக்க வேண்டும். ஆபரேஷனுக்குப் பிறகு வலி என்று கையை உடம்போடு ஒட்டியே வைத்திருந்தால் தோள் இறுகிவிடும். டாக்டர் அனுமதித்த நாளிலிருந்தே சுவரில் விரலால் மெதுவாக மேலே ஏறும் பயிற்சியைச் செய்யச் சொல்லுங்கள்.

பணமும் அலைச்சலும் பயமுறுத்தும், எனக்குத் தெரியும். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் ரேடியேஷனும் அதில் வரும், தகுதி இருந்தும் அட்டை இல்லாதவர்கள் முதல் வேலையாக அதை வாங்குங்கள். திருவொற்றியூர், தண்டையார்பேட்டை பக்கம் இருப்பவர்களுக்கு மெட்ரோ வந்த பிறகு சென்ட்ரலில் இறங்கி ஜி.எச். போவது எவ்வளவோ சுலபம். 15 நாளும் ஒரே ஆள் கூடப் போக முடியாது, யார் எந்த நாள் என்று முன்பே பிரித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் மாத்திரை. ஈஆர் பாசிட்டிவ் என்றால் டாமாக்சிஃபென், அல்லது மாதவிலக்கு நின்றவர்களுக்கு லெட்ரோசோல் மாதிரி ஒன்று, குறைந்தது 5 வருடம், சிலருக்கு 10 வரை. உடம்பு திகுதிகுவென்று எரியும், மூட்டு வலிக்கும், எரிச்சல் வரும். அதற்காகச் சொல்லாமல் கொள்ளாமல் நிறுத்துகிறவர்கள் நிறையப் பேர். நிறுத்தாதீர்கள், தாங்கவில்லை என்று டாக்டரிடம் சொன்னால் மாற்றித் தர வழி இருக்கிறது. டாமாக்சிஃபென் சாப்பிடும்போது, மாதவிலக்கு நின்ற பிறகு ரத்தம் பட்டால் உடனே காட்டுங்கள்.

செக்கப் என்றால் முதல் 3 வருடம் 3 முதல் 6 மாதத்துக்கு ஒரு தடவை டாக்டர் கையால் பார்க்க வேண்டும், அடுத்த 2 வருடம் 6 முதல் 12 மாதத்துக்கு ஒரு தடவை, பிறகு வருடம் ஒரு தடவை. கரண்ட் முடிந்து 6 மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் முதல் மேமோகிராம் (மார்பகத்தை மட்டும் எடுக்கும் எக்ஸ்ரே), பிறகு வருடா வருடம், இரண்டு மார்புக்கும். பழைய ஃபிலிமைத் தூக்கிப் போடாமல் எடுத்துப் போங்கள், ஒப்பிட்டால்தான் மாற்றம் தெரியும். ஒரு தொந்தரவும் இல்லாதபோது பெட் ஸ்கேன் (உடம்பு முழுக்கக் கேன்சரைத் தேடும் ஸ்கேன்) எடுத்துக் கடன்பட வேண்டியதில்லை.

வீட்டில் மாதம் ஒரு முறை தடவிப் பாருங்கள். கரண்ட் வைத்த மார்பு கொஞ்சம் கெட்டியாகவே இருக்கும், தழும்பு தடித்திருக்கும், அது இயல்பு. போன மாதம் இல்லாத புதுக் கட்டி, ஆரஞ்சுத் தோல் மாதிரி குழி, காம்பு உள்ளே இழுப்பது, காம்பிலிருந்து ரத்தக் கசிவு, அக்குளிலோ காறை எலும்புக்கு மேலேயோ நெறி, ஆறாத சிவப்பு, இதில் எது வந்தாலும் அந்த வாரமே போக வேண்டும். சித்திக்கு முதலில் தழும்போரம் சிவந்தபோது அக்கி என்று சொல்லி, அக்கி எழுதிக்கொண்டு ஒன்றரை மாதம் போய்விட்டது. நினைத்தால் இன்னும் நெஞ்சு அடைக்கிறது. வாரக்கணக்கில் விடாத முதுகு வலி, மூச்சு வாங்குவது, மஞ்சள் காமாலை இதையும் "கேன்சர் ஆபரேஷன் ஆனவங்க" என்று சொல்லியே காட்டுங்கள்.

திரும்ப வந்துவிட்டது என்று தெரிந்தாலும் கதை முடிந்துவிடவில்லை. மறுபடியும் பயாப்சி எடுக்க வேண்டும், ஈஆரும் ஹெர்-2வும் மறுபடியும் பார்க்க வேண்டும், ஏனென்றால் குணம் மாறியிருக்கலாம், பழையது திரும்பியதாக இல்லாமல் புதிதாகவே முளைத்த கட்டியாகவும் இருக்கலாம். மார்போடு நின்றிருந்தால் பெரும்பாலும் முழு மார்பையும் எடுத்துக் குணப்படுத்தவே பார்க்கிறார்கள். சித்திக்கு அப்படித்தான் எடுத்தார்கள். இந்த முறை மாத்திரை டப்பா தையல் மெஷின் மேலேயே இருக்கிறது.

இன்றைக்கு ராத்திரி எதையாவது தடவிப் பார்த்துப் பயந்திருக்கிறீர்கள் என்றால் ஒரு பையில் டிஸ்சார்ஜ் சீட்டு, பயாப்சி ரிப்போர்ட், பழைய மேமோகிராம், காப்பீட்டு அட்டை எல்லாம் எடுத்து வையுங்கள். முதல் ஆபரேஷனில் எடுத்த சதையின் பிளாக்கும் (மெழுகில் பதித்த துண்டு) ஸ்லைடும் (சோதித்த கண்ணாடித் தகடு) பெரும்பாலும் அந்த லேபிலேயே இருக்கும், எழுதிக் கேட்டால் தருவார்கள். காலையில் ஓ.பி. சீட்டு வரிசைக்குச் சீக்கிரம் போய்விடுங்கள், கூட ஒரு ஆளோடு.