ஊரில் மானாவாரி நிலம் வைத்திருக்கிறீர்களா? கோலாலம்பூரில் இருந்தே செய்ய வேண்டியவை

செந்தூல், பிரிக்பீல்ட்ஸ், மஸ்ஜித் இந்தியா பக்கம் கடையிலும் உணவகத்திலும் வேலை பார்க்கிற நம் ஆட்களில் நிறையப் பேருக்குச் சிவகங்கை, புதுக்கோட்டை, இராமநாதபுரம், விருதுநகர் பக்கம் இரண்டு மூன்று ஏக்கர் புஞ்சை இருக்கிறது. அப்பாவோ தம்பியோ மழையை நம்பி உளுந்து, கம்பு, மிளகாய் என்று ஏதோ போடுகிறார்கள். சிலர் நிலத்தில் சீமைக்கருவேலம்தான் நிற்கிறது. கையில் கொஞ்சம் ரிங்கிட் சேர்ந்ததும் ஊருக்கு அனுப்பி முதல் வேலையாக ஆழ்துளைக் கிணறு போடச் சொல்கிறோம், ஆயிரம் அடி போனாலும் புகைதான் வருகிறது, அந்தக் கடனை அடைக்க இன்னும் இரண்டு வருடம் இங்கேயே இருக்க வேண்டியதாகிறது. இந்த வரிசையையே மாற்ற வேண்டும் என்பதுதான் நான் சொல்ல வருவது. மானாவாரி நிலத்துக்கு அரசு தருகிற உதவிகளில் பெரும்பாலானவை மழைக்கு முந்தைய மாதங்களில் கேட்டு வாங்க வேண்டியவை, அதைக் கேட்பதற்குப் பட்டா சரியாக இருக்க வேண்டும். இந்த இரண்டையும் இங்கிருந்தே போனில் ஒழுங்குபடுத்த முடியும்.

முதலில் பட்டா. தமிழ்நாடு அரசின் இணையச் சேவையில் மாவட்டம், வட்டம், கிராமம், பட்டா எண் அல்லது சர்வே எண் கொடுத்தால் நிலம் யார் பெயரில் என்று காட்டுகிற சிட்டா திரையில் வந்துவிடும். நிலம் இன்னும் தாத்தா பெயரில் இருக்கிறதா, அப்பாவும் சித்தப்பாக்களும் சேர்ந்த கூட்டுப் பட்டாவா, பரப்பு சரியா என்று பாருங்கள். நம் வீடுகளில் பாதிச் சிக்கல் இங்கேதான் இருக்கிறது. தாத்தா இறந்து இருபது வருடம் ஆகியிருக்கும், பங்காளிகள் வரப்பு போட்டு ஆளுக்கொரு பக்கம் உழுதுகொண்டிருப்பார்கள், காகிதத்தில் மட்டும் எதுவும் மாறியிருக்காது. மானியம் கேட்டுப் போனால் “உங்க பேர்ல நிலம் இல்லையே” என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, பாகப்பிரிவினைப் பத்திரம் மூன்றும் சேர்ந்தால் இ-சேவை மையத்தில் பட்டா மாறுதலுக்கு விண்ணப்பிக்கலாம். உட்பிரிவு செய்ய வேண்டியிருந்தால் நில அளவர் வந்து அளப்பார், அதற்குக் கூடுதல் நாள் பிடிக்கும்.

பாகப்பிரிவினையில் நீங்களும் கையெழுத்துப் போட வேண்டியவர், ஆனால் லீவு கிடைக்கவில்லை என்றால் என்ன செய்வது? கோலாலம்பூரில் உள்ள இந்தியத் தூதரகத்தில் அதிகாரப் பத்திரத்துக்குச் சான்றொப்பம் வாங்கி ஊருக்கு அனுப்பலாம். பத்திரம் இந்தியாவுக்குப் போய்ச் சேர்ந்த 3 மாதத்துக்குள் அங்கே முத்திரைக் கட்டணம் கட்டியாக வேண்டும், இதை யாரும் சொல்வதில்லை, பிறகு பத்திரம் செல்லாமல் போய்த் திண்டாடுகிறார்கள். எழுதும்போது “இந்தச் சர்வே எண்களுக்குப் பாகப்பிரிவினையில் கையெழுத்திட, பட்டா மாற்ற” என்று குறிப்பிட்ட வேலைக்கு மட்டும் அதிகாரம் கொடுங்கள். உடன்பிறந்தவராகவே இருந்தாலும் விற்கும் உரிமையைச் சேர்த்து எழுத வேண்டிய அவசியம் கிடையாது. மலேசியக் குடியுரிமை வாங்கிவிட்டு ஓ.சி.ஐ. (வெளிநாட்டுவாழ் இந்திய வம்சாவளியினருக்கான) அட்டை வைத்திருப்பவர்கள் இந்தியாவில் விவசாய நிலம் விலைக்கு வாங்க முடியாது, வாரிசாக வருவதை வைத்துக்கொள்ளலாம்.

பட்டா சரியானதும் அடுத்தது சிறு குறு விவசாயி சான்று. மொத்தம் 5 ஏக்கருக்குள் இருந்தால் வட்டாட்சியர் அலுவலகச் சான்று கிடைக்கும், இதை வைத்துத்தான் பல திட்டங்களில் மானிய அளவே மாறுகிறது. கூடவே விவசாயி அடையாள எண்ணையும் பதிந்துவிடச் சொல்லுங்கள், இப்போது அதையும் கேட்கிறார்கள். யார் உழுகிறார்களோ அவர் பெயரில், என்ன பயிர் என்பதோடு, விஏஓ எனும் கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கல் என்கிற சாகுபடிப் பதிவு வாங்கி வைக்க வேண்டும். நிலத்தை வாரத்துக்கு, அதாவது விளைச்சலில் பங்குக்கு, விட்டிருந்தால் இது இன்னும் முக்கியம், ஏனென்றால் பயிர்க் காப்பீட்டுக்கு அடங்கல் இல்லாமல் ஒன்றும் நடக்காது.

இனி திட்டங்கள். மத்திய அரசு 2014-15ல் தொடங்கிய நீடித்த வேளாண்மைக்கான தேசிய இயக்கத்தில் மானாவாரிப் பகுதி மேம்பாடு என்று தனிப் பிரிவே தொடங்கப்பட்டது. பயிரோடு ஆடு, மாடு, மரம் எல்லாம் சேர்த்த ஒருங்கிணைந்த பண்ணையை, ஊர் ஊராகத் தொகுப்பு பிடித்து ஊக்குவிப்பது அதன் வேலை. தமிழ்நாடு 2016-17ல் தன் பங்குக்கு மானாவாரி வேளாண்மை இயக்கத்தைத் தொடங்கியது, ஒரு தொகுப்பு 1,000 ஹெக்டேர், அதாவது சுமார் 2,500 ஏக்கர். 2021-22ல் கலைஞரின் அனைத்து கிராம ஒருங்கிணைந்த வேளாண் வளர்ச்சித் திட்டம் வந்தது, அது தரிசு நிலத்தைக் குறிவைக்கிறது. பெயர்களை மனப்பாடம் செய்ய வேண்டாம். உங்கள் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்துக்குப் போன் போட்டு, “சார், எங்க ஊர் இந்த வருஷம் மானாவாரித் தொகுப்பில் வருதா, கோடை உழவுக்கும் விதைக்கும் எப்போ பதியணும்?” என்று கேட்டாலே போதும். அங்கே காலை 10 மணிக்கு அலுவலகம் திறக்கும்போது இங்கே மதியம் 12:30, சாப்பாட்டு நேரத்தில் பேசிவிடலாம். உழவன் செயலியை உங்கள் போனிலேயே ஏற்றிக்கொள்ளுங்கள். மானியத்துக்கு முன்பதிவு, விதை இருப்பு, உதவி வேளாண்மை அலுவலர் உங்கள் ஊருக்கு எப்போது வருகிறார் என்பது வரை அதில் இருக்கிறது. பதியும்போது ஊரில் இருப்பவரின் போன் எண்ணைக் கொடுங்கள், அலுவலர் கூப்பிடுவது அந்த எண்ணுக்குத்தான்.

மாதக் கணக்கு இப்படிப் போகும். நம் தென் மாவட்டங்களுக்கு மழை ஐப்பசி, கார்த்திகையில்தான். அங்கிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும்.

சித்திரையில் கோடை மழை ஒன்றிரண்டு விழுந்ததும் உழவு. சும்மா கிடக்கிற நிலத்தை எதற்கு உழுவது என்று அப்பா கேட்பார். மேல் மண் இறுகிக் கிடந்தால் பெய்கிற மழை ஓடைக்கும் கண்மாய்க்கும் ஓடிவிடும், உழுது போட்டால் உள்ளே இறங்கும், கூட்டுப்புழுவும் களை வேரும் வெயிலில் காய்ந்து சாகும். சரிவுக்குக் குறுக்கே உழ வேண்டும், இது கட்டாயம். தமிழ்நாட்டின் 2025-26 வேளாண் பட்ஜெட்டில் இதற்கு ஹெக்டேருக்கு 2,000 ரூபாய் மானியம் அறிவித்தார்கள், ஏக்கருக்கு 800 ரூபாய் ஆகிறது. பெரிய தொகை இல்லைதான், ஆனால் மானாவாரியில் செலவழிக்கிற ரூபாய்களில் அதிகம் திருப்பித் தருவது இந்த உழவு என்பது என் எண்ணம். டிராக்டர் கிடைக்காவிட்டால் வேளாண்மைப் பொறியியல் துறையில் வாடகைக்குக் கேட்கலாம்.

உழுவதற்கு முன்னால் மண் எடுத்துப் பரிசோதனைக்குக் கொடுத்துவிட வேண்டும். வயலில் பத்து இடத்தில் ஆங்கில ‘வி’ எழுத்து வடிவில் 15 செ.மீ. ஆழம் வெட்டி, ஓரத்து மண்ணைச் சுரண்டி எடுத்து, ஒன்றாகக் கலந்து அரைக் கிலோ எடுத்தால் போதும். வரப்போரம், எருக்குழி, மரத்தடி மண் வேண்டாம். மண்வள அட்டைத் திட்டம் 2015ல் தொடங்கியது, அட்டையில் தழை, மணி, சாம்பல் சத்தோடு துத்தநாகம், போரான் வரை 12 அளவுகள் வரும். அட்டையைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், உரக்கடைக்காரர் சொல்வதை எல்லாம் வாங்காமல் இருக்க அது ஒன்று போதும்.

வைகாசி, ஆனியில் பண்ணைக் குட்டை. கிணற்றுக்கு முன்னால் இதைத்தான் யோசிக்கச் சொல்வேன். ஒரு ஏக்கரில் 25 மி.மீ. மழை பெய்தால் விழுகிற தண்ணீர் சுமார் 1 லட்சம் லிட்டர். அதில் ஒரு பகுதியைத் தாழ்வான மூலையில் பிடித்து வைத்தால், உளுந்து பூக்கிற நேரத்தில் மழை இரண்டு வாரம் ஏமாற்றினாலும் ஒரு உயிர்த் தண்ணீர் கொடுத்துவிடலாம். மானாவாரியில் விளைச்சல் போவது பெரும்பாலும் மொத்த மழை குறைந்ததால் மட்டும் வருவதில்லை, அந்த ஒரு நடு இடைவெளியால் வருகிறது. குட்டை வெட்ட வேளாண்மைப் பொறியியல் துறையிலும், ஊரக வேலை உறுதித் திட்டம் வழியாக ஊராட்சியிலும் கேட்டுப் பார்க்கலாம். செம்மண்ணில் தண்ணீர் சீக்கிரம் இறங்கிவிடும், அடியில் தார்ப்பாய் விரிக்க வேண்டிவரும். கரிசலில் அந்தப் பிரச்சினை குறைவு.

ஆவணி, புரட்டாசிக்குள் விதை வீட்டில் இருக்க வேண்டும். போன வருடம் மீதம் வைத்த உளுந்தையே திரும்பத் திரும்பப் போடுகிறார்கள், மஞ்சள் தேமல் வந்து வயலே மஞ்சளாகிவிடுகிறது. புதுக்கோட்டை மாவட்டம் வம்பனில் உள்ள பயறு ஆராய்ச்சி மையம் வெளியிட்ட வம்பன் 8 அந்த நோயைத் தாங்கும், 70 நாள் வாக்கில் அறுவடைக்கு வரும். சான்று விதையை விரிவாக்க மையத்தில் மானியத்தில் கேளுங்கள், தீர்வதற்குள் கேளுங்கள். கரிசல் காட்டுக்காரர்கள் கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்தைக் கேட்கலாம், 1901ல் இருந்து இருக்கிற நிலையம், மானாவாரிச் சோளத்தில் அவர்களுடைய கே 12 நல்ல ரகம். மழைக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே, விதையைக் கடினப்படுத்தி (கரைசலில் ஊறவைத்து உலர்த்தி), 5 செ.மீ. ஆழத்தில் சோளத்தை விதைத்துவிடுகிற முன்பருவ விதைப்பு முறையும் அங்கே பரிந்துரைப்பதுதான். அந்த ஆழத்தில் இருக்கிற விதை சிறு தூறலுக்கு ஏமாந்து முளைக்காது, நல்ல மழை பெய்த பிறகே வெளியே வரும், முதல் மழை முழுவதும் பயிருக்கே கிடைக்கும். கம்புக்கு 2 சதவீதப் பொட்டாசியம் குளோரைடு கரைசலில் 16 மணி நேரம் ஊறவைத்து நிழலில் உலர்த்துவார்கள். உளுந்துக்கு, பூக்கும்போது ஒரு தடவையும் 15 நாள் கழித்து இன்னொரு தடவையும் 2 சதவீத டிஏபி உரக் கரைசல் தெளிக்க வேண்டும். ஏக்கருக்கு 4 கிலோவை முதல் நாள் இரவே ஊறவைத்து, தெளிந்த நீரை மட்டும் எடுத்து 200 லிட்டராக்கித் தெளித்தால் காய் நன்றாகப் பிடிக்கும்.

விதைத்த கையோடு காப்பீடு. 2016ல் வந்த பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் விவசாயி கட்டுவது காப்பீட்டுத் தொகையில், ஜூனில் தொடங்குகிற காரீப் பருவத்துக்கு 2 சதவீதம், அக்டோபரில் தொடங்குகிற ராபிக்கு 1.5 சதவீதம், மிளகாய், பருத்தி மாதிரிப் பணப்பயிருக்கு 5 சதவீதம். கடைசித் தேதி மாவட்டத்துக்கு மாவட்டம், பயிருக்குப் பயிர் வேறுபடும், அதனால் பக்கத்து ஊர்க்காரர் சொன்ன தேதியை நம்பி இருக்க வேண்டாம். வறட்சியில் இழப்பீடு உங்கள் ஒரு வயலைப் பார்த்து வருவதில்லை, அந்தக் கிராமத்திலோ, சில கிராமங்கள் சேர்ந்த பிர்காவிலோ நடக்கிற பயிர் அறுவடைப் பரிசோதனையின் சராசரியை வைத்து வருகிறது. உங்கள் வயல் காய்ந்து ஊர் வயல் விளைந்தால் பணம் வராது, இதை முன்கூட்டியே அப்பாவுக்குச் சொல்லிவிடுங்கள். அறுத்துக் காயப்போட்ட பயிர் திடீர் மழையில் கெட்டால் தனிவயல் கணக்கு, அதற்கு 72 மணி நேரத்துக்குள் தகவல் கொடுக்க வேண்டும். கட்டிய ரசீதையும் சர்வே எண் சரியா என்பதையும் அன்றே படமாக வாங்கிப் பாருங்கள்.

சும்மா கிடக்கிற தரிசு என்றால் வழி வேறு. கலைஞர் திட்டத்தில் 10 முதல் 15 ஏக்கர் வரை ஒன்றாக இருக்கிற தரிசைத் தொகுப்பாக எடுத்து, முள்ளை அகற்றி, நீர் ஆதாரம் உண்டாக்கித் தருகிறார்கள். தனி ஆளாக இரண்டு ஏக்கருக்குக் கேட்டால் நடக்காது. பக்கத்து நிலத்துக்காரர் இதே கோலாலம்பூரில், நீங்கள் சாயங்காலம் டீ குடிக்கிற கடையிலேயே இருக்கலாம். முதலில் அவர்களோடு பேசிவிட்டு ஊரில் இருப்பவர்களை ஒன்றாக விரிவாக்க மையத்துக்கு அனுப்புங்கள்.

இத்தனையும் ஆன பிறகு தண்ணீர் ஆதாரம் ஒன்று கையில் இருந்தால் சொட்டு நீர், தெளிப்பு நீர். தமிழ்நாட்டில் சிறு குறு விவசாயிக்கு 100 சதவீதம், மற்றவர்களுக்கு 75 சதவீதம் மானியம், மேலே சொன்ன சான்று இங்கேதான் பெரிய பணமாகிறது. ஆழ்துளைக் கிணறு போட்டே ஆக வேண்டும் என்று வீட்டில் நின்றால், ரிக்காரரைக் கூப்பிடுவதற்கு முன்னால் வேளாண்மைப் பொறியியல் துறையில் நிலத்தடி நீர் ஆய்வுக்குக் கட்டணம் கட்டிப் பார்த்துவிடுங்கள். தண்ணீர் இல்லை என்று அவர்கள் எழுதிக் கொடுத்தால், அந்தப் பணத்தை அப்படியே குட்டைக்குத் திருப்புங்கள்.