நீச்சல் குள ஹீட் பம்ப் சூடாக்கவில்லையா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

காற்றிலுள்ள வெப்பத்தை எடுத்துக் குளத்து நீருக்குத் தரும் இயந்திரமான ஹீட் பம்ப் தண்ணீரைச் சூடாக்கவில்லை என்றதும் பெரும்பாலோர் வாயில் முதலில் வருவது "கேஸ் தீர்ந்திருக்கும்" என்பதுதான். அந்த முடிவுக்கு அவசரப்பட்டுத் தாவுவதே முதல் தவறு. குளிர்பதன வாயு மூடிய குழாய்களுக்குள் சுழல்கிறது; சமையல் சிலிண்டரைப் போல அது செலவாகித் தீர்வதில்லை. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது என்று பொருள். கசிவை அடைக்காமல் கேஸை மட்டும் நிரப்பினால் அதே செலவு மறுபடியும் வந்து நிற்கும்.

உண்மையிலேயே சூடாகவில்லையா என்பதையும் முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டும். 50,000 லிட்டர் தண்ணீரை 1 டிகிரி உயர்த்த ஏறத்தாழ 58 யூனிட் (கிலோவாட்-மணி) வெப்பம் தேவை. 12 கிலோவாட் வெப்பம் தரும் இயந்திரம், இழப்பே இல்லை என்று வைத்துக்கொண்டாலும், அதற்குக் கிட்டத்தட்ட 5 மணி நேரம் ஓட வேண்டும். மணிக்கு 5,000 லிட்டர் ஓட்டத்தில், உள்ளே போகும் தண்ணீருக்கும் வெளியே வரும் தண்ணீருக்கும் இடையே 2 டிகிரிதான் வித்தியாசம் இருக்கும். கையை வைத்துப் பார்த்து "சூடே இல்லை" என்று சொல்வதில் பயனில்லை. இரு குழாய்களின் வெப்பநிலையையும் வெப்பமானியால் அளந்து பார்க்க வேண்டும். அந்த வித்தியாசம் சரியாக இருந்தும் குளம் சூடேறவில்லை என்றால், வெப்பம் மேற்பரப்பில் ஆவியாகிப் போகிறது. அதற்கு மருந்து ரிப்பேர் அல்ல, இரவில் குளத்தை மூடிவைக்கும் உறை.

வித்தியாசமே இல்லையென்றால் தண்ணீர் ஓட்டத்தைப் பார்க்க வேண்டும். கோளாறுகளில் பெரும்பங்கு இங்கேதான் இருக்கிறது. ஃபில்டர் அடைத்திருக்கலாம், நீர்ப்பரப்பில் மிதக்கும் குப்பையைப் பிடிக்கும் ஸ்கிம்மர் கூடையில் இலை நிறைந்திருக்கலாம், மின்சாரத்தை மிச்சப்படுத்த யாராவது தண்ணீரைச் சுழற்றும் பம்ப்பின் வேகத்தைக் குறைத்திருக்கலாம், அல்லது தண்ணீரை ஹீட் பம்ப்புக்குள் விடாமல் திருப்பிவிடும் பைபாஸ் வால்வைப் பராமரிப்பு வேலைக்காகத் திறந்துவிட்டு மூட மறந்திருக்கலாம். ஃபில்டரின் அழுத்தமானி சுத்தமான நிலையில் காட்டுவதைவிட 8 முதல் 10 பிஎஸ்ஐ (அழுத்த அலகு) கூடுதலாகக் காட்டினால் பேக்வாஷ், அதாவது தண்ணீரை எதிர்த்திசையில் விட்டு ஃபில்டரைக் கழுவும் வேலை, செய்ய வேண்டிய நேரம் வந்துவிட்டது. ஓட்டம் போதாதபோது ஃப்ளோ ஸ்விட்ச் இயந்திரத்தை ஓடவிடாது. திரையில் அதற்குரிய பிழைக்குறி தெரியும். அந்த ஸ்விட்சின் இரு வயர்களையும் நேராக இணைத்து இயந்திரத்தை எப்படியாவது ஓட்டிவிடும் வழக்கம் சில இடங்களில் உண்டு. இதைவிட மோசமான தவறு வேறில்லை. தண்ணீர் ஓடாமல், வாயுவை அழுத்தும் கம்ப்ரஸர் மட்டும் ஓடினால் உள்ளே அழுத்தம் ஏறும், பிளாஸ்டிக் இணைப்புகள் இளகும், சில நூறு ரூபாயில் முடிந்திருக்க வேண்டிய வேலை கம்ப்ரஸர் மாற்றுவது வரை போகும்.

ஹீட் பம்ப் வெப்பத்தை எடுப்பது காற்றிலிருந்து. இயந்திரத்தைச் சுற்றிப் பொருள்களை அடுக்குவதும், நான்கு பக்கமும் அடைத்த அறைக்குள் வைப்பதும் அது வெளியேற்றிய குளிர்ந்த காற்றையே திரும்ப உறிஞ்ச வைக்கும். ஊட்டி, கொடைக்கானல் போன்ற ஊர்களில் டிசம்பர், ஜனவரி இரவுகளில் காயிலில் (காற்றிலிருந்து வெப்பத்தை எடுக்கும் குழாய்ச் சுருளில்) பனி படர்வதைக் கோளாறு என்று கருத வேண்டியதில்லை. இயந்திரம் தானே சில நிமிடங்கள் நின்று பனியை உருக்கிவிட்டு மீண்டும் தொடங்கும். அந்தப் பனியைக் கத்தியாலோ திருப்புளியாலோ சுரண்டினால் காயிலின் மெல்லிய தகடுகள் மடங்கிவிடும், குழாயில் ஓட்டையும் விழலாம். பல மாடல்கள் காற்றின் வெப்பம் 10 டிகிரிக்குக் கீழே இறங்கினால் சரிவர வேலை செய்யாது. அத்தகைய மாடலைப் பகல் வெயிலில் ஓட்டுவதே சரி.

அடியில் தேங்கும் தண்ணீரைப் பார்த்துக் கசிவு என்று பயப்படுவோரும் உண்டு. பெரும்பாலும் அது காற்றின் ஈரம் குளிர்ந்து சொட்டுவது. குளோரின் சோதனைத் தாளை அதில் நனைத்துப் பாருங்கள். நிறம் மாறினால் மட்டுமே அது குளத்துத் தண்ணீர்.

மின் பக்கத்தில், பிரேக்கர் விழுந்தால் திரும்பத் திரும்பத் தூக்கிவிடுவதை நிறுத்த வேண்டும். ஒருமுறை போட்டும் மீண்டும் விழுந்தால் காரணம் உள்ளே இருக்கிறது. மூன்று ஃபேஸ் இணைப்பில் டிரான்ஸ்ஃபார்மர் வேலை நடந்த மறுநாளிலிருந்து இயந்திரம் ஓடவில்லை என்றால் ஃபேஸ் வரிசை (மூன்று மின்கம்பிகளின் இணைப்பு வரிசை) மாறியிருக்க வாய்ப்பு அதிகம். அதை எலக்ட்ரீஷியனிடம் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. மின்சாரத்தை அணைத்த பிறகும் மின்னூட்டத்தைச் சேமிக்கும் பாகமான கெப்பாசிட்டரில் மின்னூட்டம் தங்கியிருக்கும் என்பதால், பழக்கமில்லாதவர்கள் மூடியைக் கழற்றவே கூடாது. மெக்கானிக்கை அழைக்கும் முன் திரையில் தெரியும் பிழைக்குறி, இரு குழாய்களின் வெப்பநிலை, ஃபில்டர் அழுத்தம் ஆகிய மூன்றையும் குறித்து வைத்துக்கொண்டால், கேஸ் நிரப்பத்தான் வேண்டுமா என்பதை அவர் வரும்போதே பேசி முடிவு செய்யலாம்.