வரவு என்றால் யாருக்கு வரவு?

கணக்குப்பதிவியல் படிக்க வருபவர்களில் பலர் முதல் வாரத்திலேயே முட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. வங்கியில் 5,000 ரூபாய் கட்டுகிறோம். செல்லேட்டில், அதாவது பாஸ்புக்கில், வங்கி அதை ‘வரவு’ என்று எழுதுகிறது. பாடப்புத்தகமோ, நம் ஏட்டில் வங்கிக் கணக்கைப் ‘பற்று’ செய்யச் சொல்கிறது. எது சரி? இரண்டுமே சரி. வீட்டு வரவு செலவு நோட்டில் படித்த பொருளிலேயே ‘வரவு’ என்ற சொல்லைப் படிப்பதுதான் தவறு.

மளிகைக் கடைப் பற்று நோட்டை நினைத்துப் பாருங்கள். உங்கள் பெயருக்கு ஒரு பக்கம். அரிசி வாங்கிப் போனால் உங்கள் பற்று. சம்பளம் வந்ததும் 2,000 ரூபாய் கொடுத்தால் உங்கள் பெயரில் வரவு. வாங்கியவர் பற்று, கொடுத்தவர் வரவு. வங்கியும் அந்தக் கடைக்காரரைப் போலத்தான் எழுதுகிறது: நீங்கள் கொடுத்தீர்கள், வரவு. உங்கள் ஏட்டிலோ நீங்கள்தான் கடைக்காரர், வங்கி உங்களிடம் வாங்கிப்போன ஆள். ஆகவே வங்கி பற்று. விதியை நெட்டுருப் போடுவதற்கு முன் ‘இது யாருடைய ஏடு?’ என்று கேட்டுக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

யாருடைய ஏடு என்பதை மறப்பது காசை இழக்க வைக்கும் இடமும் உண்டு. ஒரு தையல் கடையின் மாதக் கடைசிக் கணக்கு: ரொக்க ஏட்டின்படி வங்கியில் 18,450 ரூபாய், செல்லேட்டில் 22,214. கூடுதலாக இருக்கிறதே என்று மகிழக் கூடாது. நூல் வியாபாரிக்குக் கொடுத்த 6,000 ரூபாய்க் காசோலை இன்னும் வங்கிக்குப் போகவில்லை. நம் ஏட்டின் 18,450 ரூபாயோடு அதைக் கூட்ட வேண்டும். நாம் போட்ட 2,000 ரூபாய்க் காசோலை வசூலாகவில்லை, கழிக்க வேண்டும். வங்கி பிடித்த கட்டணம் வரியோடு 236 ரூபாய். அதையும் கழித்தால் 22,214 வந்துவிடும். இதுதான் வங்கிச் சரிகட்டும் பட்டியல். தேர்வுக்கு மட்டும் போடும் கணக்கு என்று ஏனோ பெயர் வாங்கிவிட்டது. செல்லேட்டை நம்பி 20,000 ரூபாயை எடுத்துவிட்டால், நூல்காரரின் காசோலை திரும்பிவிடும். அவர் அறிவிப்பு அனுப்பி, அது கைக்குக் கிடைத்த 15 நாளுக்குள் பணம் கொடுக்காவிட்டால், மாற்றுமுறை ஆவணச் சட்டம் 138ஆம் பிரிவின்கீழ் வழக்கு வரலாம். காசோலை தேதியிலிருந்து 3 மாதம் வரை செல்லும் என்பதால், ‘இவ்வளவு நாள் போடவில்லையே’ என்று நினைப்பதும் ஆபத்து.

அந்த 236 ரூபாயை ரொக்க ஏட்டில் எழுதாமல் விடுவது அடுத்த தவறு. எழுதாவிட்டால் அடுத்த மாதமும் அதே வித்தியாசம் வந்து நிற்கும்.

எல்லாக் கணக்குகளின் பற்று, வரவு இருப்புகளையும் கூட்டி ஒப்பிடும் பட்டியலான இருப்பாய்வு பொருந்தாதபோது, வித்தியாசத்தை உடனே அனாமத்துக் கணக்கில் (காரணம் தெரியும்வரை தற்காலிகமாக வைக்கும் கணக்கு) தள்ளிவிடுபவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். முதலில் அதை இரண்டால் வகுத்து, அந்தத் தொகை எங்காவது பக்கம் மாறி எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு ஒன்பதால் வகுத்துப் பாருங்கள். மீதியின்றி வகுபட்டால் இலக்கம் இடம் மாறியிருக்கலாம்: 5,400 என்பதை 4,500 என்று எழுதினால் வித்தியாசம் 900. ஒரு முறை இரண்டு மணி நேரம் தேடி அலுத்த பிறகுதான் எனக்கு இந்த ஒன்பது நினைவுக்கு வந்தது. ஐந்து நிமிடத்தில் ஆள் அகப்பட்டுவிட்டான்.

பிள்ளையின் பள்ளிக் கட்டணத்தைக் கடைச் செலவில் எழுதாதீர்கள், அது எடுப்பு, அதாவது முதலாளி சொந்தத் தேவைக்கு எடுத்த பணம். கடன் தவணையில் வட்டி மட்டுமே செலவு, அசல் செலவாகாது.

இருப்பாய்வு பொருந்திவிட்டால் கணக்கு சரி என்று நம்புவதுதான் எல்லாவற்றிலும் நைச்சியமான தவறு. அதே தையல் கடையில் 14,000 ரூபாய்க்கு இயந்திரம் வாங்கி, அதைத் துணியோடு சேர்த்துக் கொள்முதல் கணக்கில் எழுதிவிட்டார்கள் என்று வையுங்கள். இயந்திரக் கணக்கில் எழுதியிருந்தாலும் பற்றுதான், கொள்முதல் கணக்கில் எழுதினாலும் பற்றுதான். கூட்டுத்தொகை அழகாகப் பொருந்தும். ஆனால் பல ஆண்டுகளில் தேய்மானமாகக் கழிய வேண்டிய தொகை ஒரே ஆண்டு இலாபத்தை விழுங்கியிருக்கும். கடையில் ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரம், கடையின் சொத்தையும் கடனையும் காட்டும் இருப்புநிலைக் குறிப்பில் இருக்காது.