வீட்டுக்காரரோடு விளையாட ஒரு போர்டு கேம்: தேர்ந்தெடுப்பது எப்படி?

நண்பர்கள் வந்தால் மூன்று மணி நேரம் ஸ்ட்ராடஜி கேம் ஆடுவீர்கள். வீட்டில் கூடவே இருப்பவரைக் கூப்பிட்டால் "நீ விளையாடு, நான் பார்க்கிறேன்" என்று ஒதுங்கிவிடுவார். அப்படி ஒரு வீட்டில் இருப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். கணவரோ மனைவியோ, வழி ஒன்றுதான். எங்கள் வீட்டில் ஆட்டப் பைத்தியம் நான். அவருக்கு ரம்மியைத் தவிர வேறு எதிலும் நாட்டம் இருந்ததில்லை. இன்று சாப்பாடு முடிந்ததும் "ஒரு ஆட்டம் போடலாமா?" என்று அவரே கேட்கிறார். எது சிறந்த ஆட்டம் என்று தேடுவதை விட்டுவிட்டு, அவருக்கு ஏற்கெனவே என்ன பிடிக்கும் என்பதிலிருந்து தொடங்கினால் பாதி வேலை முடிந்த மாதிரி.

படி 1: முன்பு எதை ரசித்து ஆடினார் என்று கேளுங்கள்

"எனக்கு விளையாட்டே பிடிக்காது" என்பவரிடம், சின்ன வயதில் லீவுக்கு ஊருக்குப் போனால் என்ன ஆடுவீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். தாயம், பல்லாங்குழி, ஆடு புலி, கேரம், ரம்மி என்று ஏதாவது ஒன்று கட்டாயம் வரும். பதினான்கு குழிகளில் எந்தக் குழியை எடுத்தால் எங்கே போய் முடியும் என்று மனதுக்குள் கணக்குப் போட்டவரும், பதினைந்து ஆடுகளை வைத்து மூன்று புலிகளை நகர முடியாமல் அடைத்தவரும் நல்ல ஸ்ட்ராடஜி ஆட்டக்காரர்கள்தான். அதற்கு அந்தப் பெயர் உண்டு என்று யாரும் அவர்களிடம் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

பதிலைக் கவனமாகக் கேட்டுக்கொள்ளுங்கள், அதில் துப்பு இருக்கும். ரம்மி என்றால், சீட்டுகளைச் சேர்த்து சரியான நேரத்தில் இறக்குவது பிடிக்கும் என்று அர்த்தம். சுடோகு, கோலம், தையல், அலமாரியை ஒழுங்காக அடுக்குவது என்று போகிறவருக்கு வடிவங்களைப் பொருத்தும் ஆட்டம் சரிப்படும். தாயத்தில் எதிராளியின் காயை வெட்டி வீட்டுக்கு அனுப்பிய கதையைச் சிரித்துக்கொண்டே சொன்னால், மோதல் இருக்கும் ஆட்டத்தைத் தைரியமாக எடுக்கலாம். குறுக்கெழுத்து, விடுகதை என்றால் சொல் ஆட்டம்.

படி 2: எது பிடிக்காமல் போனது என்றும் கேளுங்கள்

இதைப் பலர் கேட்பதே இல்லை. பொதுவாக மூன்று காரணம்தான் வரும்: விதிகளை அரை மணி நேரம் விளக்கினார்கள், ஆட்டம் முடியவே இல்லை, தோற்கடித்துக் கேலி செய்தார்கள். முதல் இரண்டுக்கும் சின்ன ஆட்டம்தான் மருந்து. மூன்றாவது காரணம் என்றால் நேருக்கு நேர் தாக்கும் ஆட்டங்களைக் கொஞ்ச நாளைக்கு மறந்துவிடுங்கள். ஆளுக்கொரு பலகையில் தனித்தனியாகக் கட்டிக்கொண்டு போகும் ஆட்டமோ, இருவரும் ஒரே அணியாக ஆடுவதோ நல்லது.

படி 3: பெட்டியைத் திருப்பிப் பாருங்கள்

எத்தனை பேர் ஆடலாம் என்பதை முதலில் பாருங்கள். எல்லாரும் பரிந்துரைக்கும் கட்டான் (1995) அடிப்படைப் பெட்டி 3 முதல் 4 பேருக்கானது. இருவர் மட்டும் உள்ள வீட்டில் அது அலமாரியில்தான் இருக்கும். "2-5" என்று போட்டிருந்தாலும் இருவர் ஆடும்போது விறுவிறுப்பு குறையும் பெட்டிகள் உண்டு. ரயில் பாதை போடும் டிக்கெட் டு ரைடு அருமையான ஆட்டம், ஆனால் அமெரிக்க வரைபடத்தில் இரண்டே பேர் ஆடினால் ஒருவர் பாதையை மற்றவர் மறிக்கும் பதற்றம் நாலு பேர் ஆடும்போது இருக்கிற அளவுக்கு வராது. முதல் பெட்டி இருவருக்கென்றே வடிவமைத்ததாக இருப்பது நல்லது.

அப்புறம் நேரம். அரை மணி நேரத்துக்குள் முடிய வேண்டும். தோற்றாலும் "சரி, இன்னொன்று" என்று சொல்ல மனம் வரும் அளவு அதுதான்.

பெட்டியின் மேல் சிவப்பு நிறச் சிப்பாய்க் காய் ஒன்று முத்திரையாக இருக்கிறதா என்றும் பாருங்கள். ஜெர்மனியில் 1979 முதல் ஆண்டுதோறும் கொடுக்கப்படும் 'ஸ்பீல் டெஸ் யாரெஸ்' விருதின் அடையாளம் அது. குடும்பமாக உட்கார்ந்து எளிதில் கற்று ஆடக்கூடியவற்றுக்கே அந்தச் சிவப்புக் காய் போகும். கார்க்கசோன் (2001), டிக்கெட் டு ரைடு (2004), கிங்டோமினோ (2017), அசூல் (2018) எல்லாம் வாங்கியவை. கருஞ்சாம்பல் நிறக் காய் இருந்தால் அது பழகியவர்களுக்கான விருது, இப்போதைக்கு வேண்டாம். நான் கீழே முதலில் சொல்லும் இரண்டு பெட்டிகளிலும் எந்தக் காயும் இருக்காது. ஆகவே முத்திரை இல்லை என்பதற்காக எதையும் ஒதுக்காதீர்கள்.

படி 4: ஒரே ஒரு ஆட்டத்தைத் தேர்ந்தெடுங்கள்

வடிவம் பொருத்தப் பிடிக்கும் என்றால்: பேட்ச்வொர்க். ஊவே ரோசன்பெர்க் வடிவமைத்து 2014இல் வந்தது, இருவருக்கு மட்டுமே. ஆளுக்கு 9×9 கட்டப் பலகை ஒன்று. நடுவில் வட்டமாகக் கிடக்கும் துணித் துண்டு வடிவங்களை வாங்கி வந்து, இடைவெளி விடாமல் பொருத்த வேண்டும். பணம் என்பது பொத்தான்கள். ஒவ்வொரு துண்டுக்கும் இரண்டு விலை: இத்தனை பொத்தான், இத்தனை நேரம். முறை மாறிமாறி வராது, வாங்கிய துண்டின் நேரத்துக்கு ஏற்ப காய் முன்னேறும் நேரப் பாதையில் யார் பின்னால் நிற்கிறாரோ அவருக்குத்தான் முறை. இது புதியவருக்கு முதலில் விசித்திரமாக இருக்கும், பிடிபட்டதும் சுவை கூடும். நான் ஆசைப்பட்டு ஆறு நேரம் விழுங்கும் பெரிய துண்டை வாங்கினால் ஆறு கட்டம் முன்னால் தாவிவிடுவேன். அவர் ஒரு நேரம், இரண்டு நேரம் ஆகும் சின்னத் துண்டுகளாக அடுத்தடுத்து மூன்று எடுத்துக்கொண்டு, நான் கண் வைத்திருந்ததையும் கொண்டுபோய்விடுவார்.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கடைசியில் காலியாக இருக்கும் ஒவ்வொரு கட்டத்துக்கும் இரண்டு புள்ளி கழியும். 81 கட்டமும் காலியாகத் தொடங்குவதால், கணக்குப்படி ஆட்டம் மைனஸ் 162இல் ஆரம்பிக்கிறது. முதல் ஆட்டத்தில் புதியவர் மைனஸில் முடிப்பது மிகச் சாதாரணம். தெரியாமல் அந்த எண்ணைப் பார்த்தால் மனது விட்டுப்போகும்.

ரம்மி பிடிக்கும் என்றால்: ஜெய்ப்பூர். 2009இல் வந்தது, இதுவும் இருவருக்கானது. இருவரும் ஜெய்ப்பூர்ச் சந்தை வியாபாரிகள். நடுவில் ஐந்து அட்டை திறந்திருக்கும். ஒன்றை எடுக்கலாம், பலவற்றை மாற்றிக்கொள்ளலாம், சந்தையில் இருக்கும் ஒட்டகங்களை மொத்தமாக ஓட்டிக்கொண்டு வரலாம், இல்லையென்றால் கையில் இருப்பதை விற்கலாம். கையில் ஏழு அட்டைக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது.

விற்கும் இடத்தில்தான் மொத்த ஆட்டமும் இருக்கிறது. தோல் சரக்கை முதலில் விற்பவருக்கு 4 புள்ளி டோக்கன், அடுத்தது 3, அதற்கடுத்தது 2, பிறகு எல்லாமே 1. இரண்டு தோல் கையில் இருந்தால் இப்போதே விற்று ஏழு புள்ளியைப் பையில் போட்டுக்கொள்ளலாம். ஆனால் ஒரே சரக்கை மூன்று, நான்கு, ஐந்து என்று சேர்த்து விற்றால் தனி போனஸ் உண்டு. ஐந்துக்கு 8 முதல் 10 வரை கிடைக்கும். காத்திருக்கும் நேரத்தில் எதிராளி முந்திக்கொண்டால் நல்ல டோக்கனெல்லாம் போயிருக்கும். ரம்மியில் இன்னொரு சீட்டுக்காகக் காத்திருப்பதா, இறக்குவதா என்று தவித்தவருக்கு இதை விளக்கவே வேண்டாம். ஒட்டகங்களிலும் ஒரு சூட்சுமம்: அவற்றை அள்ளினால் காலியான இடத்தில் புது அட்டைகள் விழும், அவை எதிராளிக்கு. எங்கள் வீட்டில் ஒருநாள் நான் மூன்று ஒட்டகத்தை அள்ளியதும் வரிசையாக மூன்று வைரம் விழுந்தது. "பார்த்தியா, உனக்கு ஒட்டகம், எனக்கு வைரம்" என்று தன்னிடமிருந்த மூன்று ஒட்டகத்தைக் கொடுத்து அவர் மூன்றையும் எடுத்துக்கொண்டார். அன்றைக்குத்தான் அவருக்கு இந்த ஆட்டம் பிடித்துப்போனது என்று நினைக்கிறேன்.

நேரமே இல்லை என்பவருக்குக் கிங்டோமினோ. கால் மணி நேரத்தில் முடியும். வயல், காடு, ஏரி வரைந்த டோமினோக்களை (இரண்டு கட்டம் சேர்ந்த துண்டுகள்) சேர்த்து 5×5 நாடு கட்ட வேண்டும். ஆறு கட்ட வயலில் இரண்டு கிரீடம் இருந்தால் 12 புள்ளி, கிரீடமே இல்லாவிட்டால் பூஜ்யம். நல்ல டோமினோவை எடுத்தால் அடுத்த சுற்றில் பின்னால் தேர்ந்தெடுக்க வேண்டும், அந்த ஒரு விதியில்தான் தந்திரம் எல்லாம்.

ஒரே அணியாக ஆட விரும்பினால் பலரும் பேண்டமிக்கைச் சொல்வார்கள். நல்ல ஆட்டம்தான். ஆனால் ஒருவருக்கு அனுபவம் அதிகம் என்றால் அவரே "நீ அங்கே போ, இதைச் செய்" என்று இரண்டு பேருக்கும் ஆடிவிடுவார், மற்றவர் காய் நகர்த்தும் கையாக மட்டும் மிஞ்சுவார். ஆகவே நான் ஹனாபியைச் சொல்வேன். அதில் உங்கள் அட்டைகளை நீங்கள் பார்க்கக் கூடாது, எதிரே இருப்பவர்தான் பார்ப்பார். துப்பு கொடுத்துத்தான் ஐந்து நிறங்களையும் 1 முதல் 5 வரை அடுக்க வேண்டும். உங்கள் கையில் என்ன இருக்கிறது என்று அவருக்குத்தான் தெரியும் என்பதால் யாரும் யாரையும் அதட்ட முடியாது.

சொல் ஆட்டக்காரர்களுக்குக் கோட்நேம்ஸ் டூயட். பரப்பிய சொற்களில் எவை சரியானவை என்று நிறம் காட்டும் அட்டை சொல்லும், ஒற்றைச் சொல் துப்பு கொடுத்து அவற்றை மற்றவர் கண்டுபிடிக்க வைக்க வேண்டும். ஆங்கிலச் சொற்கள் ஒத்துவராவிட்டால் ஒன்று செய்யலாம். 25 துண்டுத் தாளில் தமிழ்ச் சொற்களை எழுதி 5×5 ஆகப் பரப்புங்கள், நிறம் காட்டும் அட்டைகளை மட்டும் பெட்டியிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு, மாலை, திங்கள், படி என்று இரண்டு மூன்று பொருள் தரும் சொற்களாகப் பார்த்து எழுதினால் ஆங்கிலத்தைவிட நன்றாகவே போகும்.

படி 5: வாங்கும் முன் ஆடிப் பாருங்கள்

போர்டு கேம்கள் விலை அதிகம். போர்டு கேம் அரீனா என்ற இணையதளத்தில் கார்க்கசோன், ஹனாபி உட்பட நூற்றுக்கணக்கான ஆட்டங்களை உலாவியிலேயே ஆடலாம். முதலில் நீங்கள் மட்டும் பழகிக்கொள்ள அது போதும். ஆனால் அவரை அங்கே கூட்டிப்போகாதீர்கள். திரையில் எண்களும் அம்புக்குறிகளும் ஓடும், காயைக் கையில் தொடும் சுகம் இருக்காது.

படி 6: ஐந்து நிமிடத்தில் கற்றுக்கொடுங்கள்

அவரை உட்கார வைத்துக்கொண்டு விதிப்புத்தகத்தைப் புரட்டாதீர்கள். முதல் நாளே நீங்கள் தனியாகப் படித்து, இரண்டு பக்கமும் நீங்களே ஆடிப் பாருங்கள். எல்லாவற்றையும் மேசையில் பரப்பி வைத்த பிறகு கூப்பிடுங்கள்.

எப்படி ஜெயிப்பது என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். ஜெய்ப்பூர் என்றால், "நிறைய சம்பாதித்தவர் ஜெயித்தார், மூன்றில் இரண்டு சுற்று." அடுத்து, உன் முறை வந்தால் என்னென்ன செய்யலாம் என்று காயை நகர்த்திக் காட்டுங்கள். அவ்வளவுதான், ஆரம்பித்துவிடலாம். விதிவிலக்குகள் வரும்போது சொல்லிக்கொள்ளலாம். ஆனால் புள்ளியைப் பாதிக்கும் விதியைக் கடைசி நேரத்தில் சொன்னால் ஏமாற்றிய மாதிரி இருக்கும். உதாரணமாக, ஜெய்ப்பூரில் வைரம், தங்கம், வெள்ளி மூன்றையும் ஒற்றையாக விற்க முடியாது, குறைந்தது இரண்டு வேண்டும். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

முதல் சுற்றை இருவர் கையையும் திறந்து வைத்து ஆடுங்கள். உங்கள் முறையில் ஏன் இதைச் செய்தீர்கள் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். அவர் முறையில் வாயை மூடிக்கொள்ளுங்கள், கேட்டால் மட்டும் பதில். யோசிக்க நேரம் எடுத்தால் எடுக்கட்டும். "அய்யோ, இதை வேண்டாம்" என்றால் மாற்றிக்கொள்ள விடுங்கள். போன் வேறு அறையில் இருக்கட்டும், உங்களுடையதும்தான்.

படி 7: விட்டுக்கொடுக்காதீர்கள், முன்கூட்டியே சலுகை கொடுங்கள்

வேண்டுமென்றே தோற்காதீர்கள். கூடவே வாழ்கிறவருக்கு உங்கள் முகம் தெரியும், உடனே கண்டுபிடித்துவிடுவார், பிறகு ஜெயித்தாலும் சந்தோஷம் இருக்காது. கருப்பு, வெள்ளைக் கற்களைப் பலகையில் வைத்து ஆடும் 'கோ' ஆட்டத்தில் இதற்கு நல்ல மரபு இருக்கிறது. வலிமை குறைந்தவர் தொடக்கத்திலேயே இரண்டு முதல் ஒன்பது கல் வரை பலகையில் வைத்துக்கொள்வார், பிறகு இருவரும் முழு பலத்தோடு மோதுவார்கள். அதையே இங்கும் செய்யலாம். பேட்ச்வொர்க்கில் ஆளுக்கு ஐந்து பொத்தானோடு தொடங்க வேண்டும், அவர் பத்தோடு தொடங்கட்டும். இருவரும் பேசி ஒத்துக்கொண்ட சலுகையில் அவமானம் இல்லை. நாலைந்து ஆட்டம் போனால் "எனக்கு அஞ்சே போதும்" என்று அவரே சொல்லலாம்.

படி 8: அடுத்த பெட்டிக்கு அவசரப்படாதீர்கள்

ஒரு ஆட்டம் பிடித்துவிட்டால் உடனே வேறொன்றை வாங்கி வரத்தான் நமக்குக் கை பரபரக்கும். பொறுங்கள். அதையே திரும்பத் திரும்ப ஆடும்போதுதான் அவருக்கென்று ஒரு பாணி உருவாகும். உங்களைத் தோற்கடிக்கத் தொடங்குவதும் அப்போதுதான். புதிதாக ஒன்று வேண்டும் என்று அவர் கேட்ட பிறகு, பேட்ச்வொர்க் பிடித்தவருக்கு அசூலும், ஜெய்ப்பூர் பிடித்தவருக்கு ஸ்ப்ளெண்டரும், கிங்டோமினோ பிடித்தவருக்குக் கார்க்கசோனும் இயல்பான அடுத்த படி. செவன் வொண்டர்ஸ் டூயல் (2015) அதற்கும் பிறகு. இருவர் ஆட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான், ஆனாலும் அதன் குறியீடுகளைப் படிக்கப் பழக்கம் வேண்டும் என்பதால் முதல் பெட்டியாகச் சொல்ல மாட்டேன்.

இரண்டு மூன்று வகை ஆடிப் பார்த்தும் அவருக்கு ஒட்டவில்லை என்றால் வற்புறுத்தாதீர்கள், சில மாதம் கழித்து வேறு வகையோடு கேட்கலாம். அதுவரை பெட்டியைப் பரணில் ஏற்றாமல் சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்திலேயே, கை நீட்டினால் எடுக்கும்படி வையுங்கள். ஜெய்ப்பூர் பெட்டி சின்னது, ஊருக்குப் போகும் பையிலும் அடங்கும்.