வயலில் கிடைத்த வெண்கலத் துண்டு: பானையா, மணியா?

இங்கிலாந்தில் உழுத வயலில் மெட்டல் டிடெக்டரோடு திரிகிறவர்களுக்கு இடைக்காலத்து வெண்கலப் பானை முழுசாகக் கிடைப்பது அபூர்வம். கிடைப்பது பெரும்பாலும் உள்ளங்கையளவு துண்டுதான், பச்சைக் களிம்பு ஏறி, அளவுக்கு மீறிக் கனக்கும். அதை நம் வீட்டுப் பழக்கத்தில் புளி போட்டு விளக்கிவிடாதீர்கள். நான் முதலில் எடுத்த துண்டை அப்படித்தான் பளபளவென்று ஆக்கிக் கொண்டுபோய்க் காட்டினேன். பார்த்தவர் ஒன்றும் சொல்லவில்லை, திட்டியிருந்தாலாவது பரவாயில்லை. வெளியே ஒட்டியிருக்கும் கரிதான் அது அடுப்பில் ஏறியதற்குச் சாட்சி, அதைத்தான் நான் கழுவி ஊற்றியிருந்தேன்.

சரி, துண்டைப் பார்ப்போம். அந்தக் காலத்து வார்ப்புப் பானைக்கு உருண்டை வயிறு, வெளியே விரிந்த வாய், கழுத்தோரம் முழங்கையை மடக்கினாற்போல் இரண்டு பிடி, அடியில் மூன்று கால். பிடியில் இரும்புக் கம்பி கோத்து நெருப்புக்கு மேல் தொங்கவிடலாம், இல்லை தணல் மேலேயே நிறுத்திவிடலாம், அடுப்புக்கல் வேண்டியதில்லை. வயலில் அதிகம் அகப்படுவது காலும் வாய் விளிம்பும்தான். காலென்றால் நடுவில் முதுகெலும்பு மாதிரி ஒரு வரி ஓடுகிறதா, நுனி மிருகப் பாதம்போல் விரிகிறதா என்று பாருங்கள்.

வயிற்றுத் துண்டாக இருந்தால் வார்த்த தடம் காட்டிக்கொடுக்கும். களிமண்ணில் உள்கரு, அதன்மேல் வெளி அச்சு, நடுவில் இடைவெளி மாறாமலிருக்கச் சின்னச் சின்ன உலோகத் துண்டுகள். அப்புறம் பானையைத் தலைகீழாக, கால்கள் மேலே இருக்கும்படி வைத்து, அடிப்பக்கத்து வழியாக உலோகத்தை ஊற்றுவார்கள். அதனால் அடியில் ஊற்றுவாயின் வடு, பக்கவாட்டில் அச்சு சேர்ந்த கோடு, சில சமயம் அந்த இடைவெளித் துண்டு சுவரிலேயே உறைந்து, நிறம் மாறித் தெரியும் ஒரு சதுரப் புள்ளி. சாய்வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தால் பிடிபடும். யார்க் நகரத்தில் பெடெர்ன் என்ற இடத்தைத் தோண்டியபோது இப்படி வார்த்த பட்டறையின் அச்சுத் துண்டுகளே கிடைத்திருக்கின்றன.

குழப்புவது மணிதான். மணி வார்த்தவர்களே பானையும் வார்த்ததுண்டு. மணியின் விளிம்பு நாக்கு அடிக்கிற இடத்தில் தடித்திருக்கும், பானையின் வாய் அப்படித் தடிக்காது. உலோகமும் வேறு: மணியில் வெள்ளீயம் 20 சதவீதத்துக்கு மேல், பானையில் அது குறைந்து காரீயம் கூடும், சிலவற்றில் ஆன்டிமனியும். கண்ணால் இதைச் சொல்ல முடியாது, உலோகக் கலவையை அளக்கும் எக்ஸ்ரே கருவி வேண்டும். கரி இருந்தாலே பானை என்றும் முடிவுகட்ட வேண்டாம். நியூசிலாந்தில் 1836 வாக்கில் வில்லியம் கொலென்சோ என்ற மிஷனரி பார்த்தபோது மாவோரிப் பெண்கள் உருளைக்கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்த பாத்திரம், உடைந்த ஒரு கப்பல் மணி. அதில் பொறித்திருந்தது தமிழ்! இன்ன கப்பலின் மணி என்று அதிலேயே எழுதியிருக்கிறது. இப்போது டெ பாப்பா அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

வயதைக் கேட்டால் அவசரப்படாதீர்கள். இந்த வடிவம் நூற்றாண்டுக் கணக்கில் பெரிதாக மாறவில்லை, சின்னத் துண்டுக்கு 1200 முதல் 1700 வரை என்று எழுதுவதே நேர்மை.

தோண்டும் முன் நிலக்காரரிடம் அனுமதி வாங்குங்கள். பாதுகாக்கப்பட்ட தொல்லிடங்களில் தனி அனுமதி இல்லாமல் டிடெக்டரைத் தூக்கிக்கொண்டு போவதே குற்றம். கிடைத்த இடத்தை வரைபடக் குறியீட்டோடு அங்கேயே குறித்துவிடுங்கள், வீட்டுக்கு வந்தபின் நினைவு ஏமாற்றும். அளவுகோல் வைத்துப் படம் எடுத்து, ஓட்டை போட்ட பையில் உலர வைத்து, பொதுமக்களுக்குக் கிடைக்கும் பழம்பொருள்களைப் பதிவுசெய்ய 1997 முதல் நடக்கும் போர்ட்டபிள் ஆன்டிக்விட்டீஸ் திட்டத்தின் உள்ளூர் அலுவலரிடம் காட்டுங்கள். தங்கம், வெள்ளி இல்லாத தனித் துண்டு பெரும்பாலும் புதையல் சட்டத்துக்குள் வராது, ஆனாலும் காட்டுங்கள். ஸ்காட்லாந்தில் என்றால் பழம்பொருள் எதுவானாலும் தெரிவித்தே ஆகவேண்டும்.

ஒருவேளை முழுப் பானையே தென்பட்டுவிட்டால், கை எவ்வளவு பரபரத்தாலும் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு அலுவலருக்கு போன் போடுங்கள். உள்ளே இருக்கும் மண்ணைக் கொட்ட வேண்டாம், அதற்கடியில் காசு இருக்கலாம்.