வாழைத்தண்டுப் பொரியல்: நறுக்குவதிலிருந்து தொடங்குவோம்

வயது வந்தவர் ஒருவர் நாளொன்றுக்குக் குறைந்தது 25 கிராம் நார்ச்சத்தும் 400 கிராம் காய்கனிகளும் உண்ண வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2023ஆம் ஆண்டு அறிவுறுத்தியது. தீட்டிய அரிசிச் சோற்றையே நம்பியிருக்கும் தட்டில் அந்த அளவு சேர்வது கடினம். கடலூரை ஒட்டிய ராமாபுரம், வழிசோதனைப்பாளையம் பகுதிகளில் வாழை நிறைய விளைகிறது; தார் வெட்டியபின் கிடைக்கும் நார்ச்சத்துள்ள தண்டை, நறுக்கத் தெரியாத காரணத்தாலேயே பலர் வாங்காமல் கடந்துபோவது எனக்கு வருத்தமளிக்கிறது.

முதலில், நகம் எளிதில் பதியும் இளந்தண்டாக ஓர் அடி நீளம் வாங்குங்கள். உரிக்க வராத வழுவழுப்பான நடுப்பகுதி தெரியும்வரை வெளிப்பட்டைகளை நீக்குங்கள்.

அடுத்து, ஒரு கிண்ணத்தில் நீர்மோரை வைத்துக்கொண்டு தண்டை மெல்லிய வட்டங்களாக நறுக்குங்கள். ஒவ்வொரு வட்டத்தையும் விலக்கும்போது சிலந்தி இழைபோல நூல் நீண்டு வரும். அதை ஆட்காட்டி விரலில் சுற்றிக்கொண்டே போனால் இறுதியில் வெண்மையான மோதிரம்போலத் திரண்டிருக்கும். நூலை எடுத்தால் நார்ச்சத்து போய்விடுமோ என்று அஞ்ச வேண்டாம். கண்ணுக்குத் தெரியாத நார் தண்டின் செல்சுவர்கள் முழுவதிலும் இருக்கிறது.

ஒரே ஒரு வட்டத்தை மட்டும் மோரில் போடாமல் தட்டில் வைத்துப் பாருங்கள். சிறிது நேரத்தில் அதன் ஓரம் பழுப்பாகும். தண்டிலுள்ள பாலிபீனால் என்னும் தாவரச் சேர்மங்கள், நொதியின் துணையுடன் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு வினைபுரிவதே அதற்குக் காரணம். மோரின் புளிப்பு அந்த நொதியின் வேகத்தைக் குறைக்கிறது. நீரில் கரையும் சத்துகள் வெளியேறிவிடும் என்பதால், நெடுநேரம் ஊறவிடாமல் பொடியாக அரிந்தவுடன் அடுப்பேற்றுவதே நல்லது.

கடுகு, உளுந்து, காய்ந்த மிளகாய் தாளித்து, 20 நிமிடம் ஊறிய இரண்டு மேசைக்கரண்டி பாசிப்பருப்பையும் பிழிந்த தண்டையும் சேர்த்து, மஞ்சள்தூள், உப்பு, கையளவு தண்ணீர் தெளித்து மூடி வேகவிடுங்கள். பருப்பு மலர்ந்து, தண்டு பல்லுக்குச் சற்றே நறுக்கென்று இருக்கும்போது தேங்காய்த்துருவல் தூவி இறக்குங்கள்.

சிறுகுடலில் செரிக்காத நாரில் ஒரு பகுதியைப் பெருங்குடல் நுண்ணுயிரிகள் நொதிக்கச் செய்து குறுஞ்சங்கிலிக் கொழுப்பு அமிலங்களாக மாற்றுகின்றன. அவற்றுள் பியூட்டிரேட் குடற்சுவர்ச் செல்களுக்கே உணவாகிறது. பழக்கமில்லாதவர் திடீரென்று நிறைய உண்டால் வயிறு உப்பும் என்பதால், முதல் வாரம் இரண்டு கரண்டி அளவோடு நிறுத்தி, தண்ணீரும் போதிய அளவு குடியுங்கள். தண்டில் பொட்டாசியம் உண்டு. சிறுநீரக நோய்க்காக அதைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்கள் மருத்துவரைக் கேட்காமல் உண்ணக் கூடாது.